யூத இல்லங்களில் குழந்தைகளின் கைவேலை: எங்கள் அனுபவங்கள்

என் கணவர் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் நிறுவனத்தில் ஆய்வு செய்த இரண்டு ஆண்டுகளும், எதிர்வீட்டு அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் சப்பாத் எனும் வாராந்திர ஓய்வுநாளுக்கான ஹல்லா ரொட்டி செய்யும்போது, தம் பிள்ளைகளோடு நான்கு வயதான என் மகளையும் சேர்த்துக்கொள்வார். மாவு, முட்டை, எண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட் ஆகியவற்றைப் பிசைந்து பொங்கவிடுவார். இறைச்சி உணவோடு பால் பொருளை உண்பது அவர்கள் நெறிக்கு ஆகாது என்பதால் வெண்ணெய் சேர்ப்பதில்லை. மாவு நிறைய இருக்கும் நாளில் சிறு உருண்டை ஒன்றைக் கிள்ளியெடுத்து, ஆசி மொழி கூறி, உண்ணாமல் எரித்துவிடுவார். பழங்காலத்தில் குருமாருக்கு அளித்த பங்கின் நினைவு அது.

பிறகு மாவைக் கயிறுபோல் உருட்டி மூன்று கால் பின்னல் போட வேண்டும். பொம்மைக்குச் சடை பின்னிப் பழகியிருந்த என் மகளுக்கு அது உடனே கைவந்தது என்றாலும், ஒரு முனை தடித்தும் மறு முனை கருகியும் போயிற்று. அதைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிவிடுவார்கள் என்றே எண்ணினேன். அன்றிரவு விருந்துக்குச் சென்றபோது, மேசையில் மூடிவைத்திருந்த இரண்டு ரொட்டிகளில் ஒன்று அவளுடையதாக இருந்தது. மூடிய துணியும் அவ்வீட்டு மூத்த பையன் உள்ளங்கையால் வண்ணம் பதித்ததுதான். திராட்சை மதுவின் மீது ஆசி கூறி முடித்ததும், குடும்பத் தலைவர் அவளுடைய ரொட்டியையே முதலில் அறுத்து, உப்புத் தொட்டு எல்லோருக்கும் கொடுத்தார். பிள்ளை செய்ததைப் பாராட்டி அலமாரியில் வைப்பது வேறு, வழிபாட்டுக்குரிய இடத்தில் வைப்பது வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஹனுக்கா எனும் எட்டு நாள் விளக்குத் திருநாளுக்கு, மரப்பலகையில் ஒன்பது இரும்பு நட்டுகளை ஒட்டி விளக்குத்தண்டு செய்தார்கள். மற்றவற்றை ஏற்றப் பயன்படும் ஷமாஷ் மெழுகுவத்திக்கான நட்டு மட்டும் சற்று உயரத்தில் இருக்கும். முதல் இரவு ஒன்று, மறு இரவு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவதால், ஷமாஷையும் சேர்த்து எட்டு இரவுகளுக்கும் 44 மெழுகுவத்திகள் வேண்டும். வலப்புறமிருந்து வைத்து, இடப்புறமிருந்து, அதாவது அன்று புதிதாக வைத்ததிலிருந்து ஏற்றுவார்கள். செய்ய விரும்புவோர் பலகையை அலுமினியத் தாளால் முழுவதும் மூடிவிடுங்கள். குழந்தையின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும்.

இன்னொருவரின் அனுபவம்:

நாங்கள் இலண்டன் எட்ஜ்வேரில் வசிக்கிறோம். சுக்கோத் எனும் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டார் தோட்டத்தில் கொட்டில் ஒன்றை அமைத்து, ஏழு நாட்களும் அதிலேயே உணவருந்துவார்கள். எங்கள் ஊரென்றால் தென்னோலை வேய்ந்திருப்போம். அவர்கள் மூங்கில் பாயை, இடைவெளியில் விண்மீன் தெரியும்படி விரித்தார்கள். என் மகனும் அவ்வீட்டுப் பிள்ளைகளும் வண்ணத்தாள் சங்கிலி செய்து தொங்கவிட்டார்கள். மறுநாள் மழையில் அதன் சாயம் வழிந்து வெள்ளை மேசைவிரிப்பெல்லாம் சிவந்தது. அவ்வீட்டு அம்மம்மா சங்கிலியைக் கழற்றவில்லை. விரிப்பை மாற்றிவிட்டு, மாதுளம்பழம் வரைந்து தரும்படி பிள்ளைகளிடம் கேட்டு, அப்படங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டினார். மூன்று ஆண்டுகளாக அந்தப் படங்களே அங்கு தொங்குகின்றன.