ஜிசிசி 14 (சி கம்பைலர்) வந்ததும் பழைய பைத்தான் மாட்யூல் ஏறவில்லை

வடவாறு (மன்னார்குடி):
ரைஸ்மில்லில் நெல் ஈரப்பத மீட்டரை சீரியல் போர்ட் வழியாகப் படிக்கும் மாட்யூல். சோர்ஸ் மட்டும்தான், வீல் (முன்பே கம்பைல் செய்து தரும் பேக்கேஜ்) கிடையாது. டெபியன் லினக்ஸ் 11-ல் ஓடியது. 13 போட்டதும் பிப் இன்ஸ்டால் "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன் ரீட்" என்று நின்றுவிடுகிறது. முன்பு இதே வரி வெறும் வார்னிங். குறுவை நெல் வர ஆரம்பித்துவிட்டது, ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் மூட்டை இறக்க முடியாது. பழைய ஜிசிசிக்கே போய்விடலாமா?

அரசலாறு:
வேண்டாம் சார், தப்பு மாட்யூலில். ரீட், ரைட், க்ளோஸ் மூன்றும் யூனிஎஸ்டிடி.ஹெச் ஹெடரில் இருப்பவை. அதைச் சேர்க்காமலே கூப்பிட்டிருக்கிறார்கள். டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷனைக் கூப்பிடும் வழக்கத்தை சி99 தரமே எடுத்துவிட்டது. ஜிசிசிதான் வார்னிங்கோடு விட்டுவைத்திருந்தது. 2024-ல் வந்த 14-லிருந்து எரர். காரணம் இருக்கிறது: டிக்ளரேஷன் இல்லாவிட்டால் திரும்பி வருவது இன்ட் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். வருவது பாயின்டராக இருந்தால் 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டு, ஓடும்போது விழும்.

சி கோப்பின் தலையில் அந்த இன்க்ளூட் வரியைப் போட்டு, வீஎன்வி-க்குள் (தனி பைத்தான் சூழல்) அதே ஃபோல்டரிலிருந்து பிப் இன்ஸ்டால் கொடுங்கள். அவசரத்துக்கு சிஃப்ளாக்ஸில் (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) -எஃப்பெர்மிஸிவ் கொடுத்தால் வார்னிங்காக இறங்கும். இன்றைய லோடுக்கு ஆகும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வடவாறு:
அது போய்விட்டது. இப்போது "பைலாங்ஆப்ஜெக்ட்டில் ஓபி_டிஜிட் என்ற மெம்பர் இல்லை" என்கிறது. பெர்மிஸிவ் போட்டும் அசையவில்லை.

குடமுருட்டி:
அசையாது. இது கம்பைலர் சண்டையே இல்லை. பைத்தான் 3.12-ல் முழு எண்ணின் (அதுதான் பைலாங்ஆப்ஜெக்ட்) உள்ளமைப்பு மாறியது, டெபியன் 13-ல் இருப்பது 3.13. பெரும்பாலும் பழைய சைத்தான் (பைத்தான் போன்ற கோடை சி-யாக மாற்றும் கருவி) எழுதிக்கொடுத்த சி கோப்பில்தான் இந்த எரர் வரும். கோப்பின் முதல் வரியில் "ஜெனரேட்டட் பை சைத்தான் 0.29" என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே பிஒய்எக்ஸ் கோப்பு (சைத்தானின் சோர்ஸ்) இருந்தால், அந்த சி கோப்பை மட்டும் அழித்து, சைத்தான் 3 போட்டு மறுபடி உருவாக்குங்கள். இன்க்ளூட் வரியை அதில் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும், கவனம். பிஒய்எக்ஸ் இல்லையென்றால் பைத்தான் 3.9-ஐத் தனியாக ஏற்றி, அதன் வீஎன்வி-யில் ஓட்டுவதுதான் வழி.

வடவாறு:
பிஒய்எக்ஸ் இருந்தது, இன்க்ளூட் கையால் எழுதிய கோப்பில்தான். இம்போர்ட் ஆகிறது. போர்ட் திறக்கும்போது "பர்மிஷன் டினைட்".

அரசலாறு:
சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் யூசரைச் சேர்த்து, லாக்அவுட் செய்துவிட்டு வாங்க.

வடவாறு:
16.4 காட்டுகிறது. நன்றிண்ணே.