பெட்ரோல் விலை ஏறும்போது மட்டும்தான் எரிசக்திக் கொள்கை பற்றிப் பேசுவார்களா?

கேள்வி:
அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். எங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) பஸ் கிடையாது, கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. ஓட்டும் மைலுக்கு வேலையிடத்தில் தரும் பணம் ஏறிய விலைக்குக் கட்டுப்படியாவதில்லை. 2022 ஜூனில் பெட்ரோலின் தேசிய சராசரி விலை காலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது அரசியல்வாதிகள் எல்லோரும் பேசினார்கள். விலை இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. 2018 முதல் உலகிலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுப்பது இந்த நாடுதான். அப்புறம் ஏன் எங்கோ நடக்கும் போருக்கு நான் இங்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நிலைத்து நிற்கும் தேசியக் கொள்கை ஏன் இல்லை?

பதில் 1:
சகோதரி, கச்சா எண்ணெய்க்கு விலை வைப்பது உலகச் சந்தை. டெக்சாஸில் எடுத்தாலும் அதே விலைதான். அமெரிக்கக் கச்சா எண்ணெய்க்கு இருந்த ஏற்றுமதித் தடையையும் 2015 இறுதியில் நீக்கிவிட்டார்கள். நம் கையில் இருப்பது, எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான்.

பதில் 2:
கொள்கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1973 அரபு எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1975இல் ஒரே சட்டத்தில் அவசர எண்ணெய் இருப்பும், புதிய கார்கள் சராசரியாகக் காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்ற மைலேஜ் வரம்பும் வந்தன. 1977இல் எரிசக்தித் துறை. மைலேஜ் வரம்புதான் பெரிய பலன் தந்தது என்பது என் கருத்து. 80களில் எண்ணெய் மலிந்ததும் அக்கறை போய்விட்டது. 1990 முதல் 2010 வரை கார்களுக்குக் காலனுக்கு அதே 27.5 மைல்தான். எஸ்யூவிகளுக்கு அதைவிடத் தளர்ந்த விதி, ஜனங்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன மைலேஜ் விஷயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் வாங்குவது எப்போதும் பழைய கார்தான். இன்று ஷோரூமில் விற்கும் வண்டி எவ்வளவு குடிக்கிறதோ, அதுதான் பத்து வருஷம் கழித்து என் செலவு. அதனால் பாதியில் மாறும் கொள்கை என்னைப் போன்றவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது. 2022 பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் பழைய மின்காருக்கு 4,000 டாலர் வரை வரிச் சலுகை இருந்தது. 2032 வரை என்றார்கள். அதை நம்பிப் பணம் சேர்த்தேன். 2025 செப்டம்பரோடு முடித்துவிட்டார்கள்! 2022இல் அவசர இருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விடுவதாக அறிவித்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது அந்த நேரத்துக்கான மருந்து. எனக்கு வேண்டியது, ஆட்சி மாறினாலும் பத்து வருஷம் நிற்கும் மைலேஜ் விதியும், பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் பழைய காரை மாற்ற உதவியும். கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக்காரர்களுக்கு அப்படி ஒரு திட்டம் உண்டு. மற்ற மாநிலங்களில் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், எங்கள் செனட்டருக்கு எழுதும் கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.