மறு: குளிர் சூப்பா, தண்சாறா?

அனைவருக்கும் வணக்கம். நம் சமையல் சொற்பட்டியலில், குளிரவைத்துப் பரிமாறும் சூப்புக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "தண்சாறு" என்றே வைக்கலாமே. தண் இருக்கும்போது சூப் எதற்கு?

ஐயா, தண் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நம் வாயில் அது தேய்ந்துவிட்டது. தண் என்றால் குளிர்ந்த; தண் + நீர்தான் தண்ணீர். அதையே இன்று 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் சொல்கிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் சாறு. தண்சாறு என்றால் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கும் பழச்சாறுதான் நினைவுக்கு வரும்.

ஸ்பெயினின் அந்தலூசியாவில் செய்யும் காஸ்பாச்சோ என்ற குளிர் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, எல்லாம் பச்சையாக. அடுப்பே கிடையாது. இதுவரை பார்த்தால் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் ஊறிய ரொட்டியையும் சேர்த்து அரைத்து, மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆலிவ் எண்ணெயை நூல்போல விட்டுப் பாருங்கள். அடர்சிவப்பு மெல்ல வெளுத்து ஆரஞ்சாகும். கரண்டியை எடுத்தால் அதன் முதுகில் வழவழவென்று படிந்து நிற்கும். எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிட்டது. வேதியியலில் இதற்குப் 'பால்மம்' என்று சொல் இருக்கிறது. இதைப் போய்ச் சாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> "சில்லிட்ட சூப்" எப்படி? ஒலியும் ஒத்துப்போகிறது.

ஒலி பொருத்தம்தான், சிரித்தேன். ஆனால் கைகால் சில்லிட்டுப் போவது பயத்திலும் சாவிலும் அல்லவா? சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

என் ஓட்டு 'குளிர் சூப்'புக்கு. குளிர்பானம் ஏற்கெனவே புழங்குவதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சூப்பைத் தமிழாக்கியே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை.

சரி, பெயர் எதுவானாலும் இருக்கட்டும். என்னை உண்மையில் உறுத்துவது வினைச்சொல். போன கோடையில் உருளைக்கிழங்கும் லீக்கும் (வெங்காய இனத் தண்டு) சேர்த்துக் குளிராகக் குடிக்கும் சூப் ஒன்றின் செய்முறையை மொழிபெயர்த்தபோது, 'ஆறவைத்துப் பரிமாறவும்' என்று எழுதித் தொலைத்தேன். அதைப் படித்துச் செய்த தோழி, "வெதுவெதுன்னு பசை மாதிரி இருக்கு, இதையா வெயிலுக்குக் குடிப்பாங்க?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. ஆறுவது என்றால் சூடு போய் அறையின் வெப்பத்துக்கு வருவது. குளிர்வது அதற்கும் கீழே இறங்குவது. தமிழில் இவ்வளவு தெளிவாக இரண்டு சொல் இருந்தும் நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன்.

சமையலிலும் இவை இரண்டு வேலைகள்தாம். வேகவைத்த சூப்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அதைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. அப்புறம் ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் குளிரவைக்க வேண்டும். குளிரில் சுவை மங்கும், அதனால் ஆறியபோது சரியாக இருந்த உப்பு இப்போது போதாது. கிழங்கின் மாவுச்சத்து இறுகுவதால் கொஞ்சம் நீர்விட்டுத் தளர்த்த வேண்டியிருக்கும். வெண்ணெயில் வதக்கியிருந்தால் அது உறைந்து திட்டுத்திட்டாக மிதக்கும், எண்ணெயே நல்லது. 'ஆறியபின் உப்புப் பார்க்கவும்' என்பதும் 'குளிர்ந்தபின் உப்புப் பார்க்கவும்' என்பதும் ஒன்றல்ல.

ஆகவே 'ஆறவைத்தல்', 'குளிரவைத்தல்' இரண்டையும் நம் பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கிறேன். 'குளிரூட்டுதல்' வேண்டாம், ஏசி பேருந்து வந்து நிற்கிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

இன்னொன்று பாக்கி. பரிமாறும்போது மேலே போடும் பொடியாக நறுக்கிய வெள்ளரி, வறுத்த ரொட்டித் துண்டு இவற்றுக்கு 'மேல்தூவல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'அலங்காரம்' என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அதை அழகுக்காகப் போடவில்லை, பல்லில் கடிபட ஏதாவது வேண்டுமே என்றுதான் போடுகிறோம்.