புளோரன்ஸ் மேரியட்: ஏமாந்த தாயா, ஏமாற்றுக்குத் துணைபோனவரா?

பழைய அலமாரி:
புளோரன்ஸ் மேரியட்டை (1833–1899) இன்று படிப்பவர்கள் மிகக் குறைவு. கடற்கதைகள் எழுதிய கேப்டன் மேரியட்டின் மகள். 60-க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியவர். கணவர் மதராஸ் படையில் அதிகாரி என்பதால் சில வருடங்கள் இந்தியாவில் வாழ்ந்து, இங்கிருந்த வெள்ளைக்காரர்களின் ஊர்வம்பை 'கப்' என்ற புத்தகமாக்கினார். அவர் பேச்சு வந்தாலே "ஆவி பைத்தியம் பிடித்த எழுத்தாளர்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

1891-ல் வந்த அவருடைய 'மரணம் என்பது இல்லை' புத்தகத்தை இந்த வாரம்தான் முடித்தேன். அதன் நடுவில் ஒரு குழந்தை இருக்கிறாள். மேலுதட்டின் இடது பக்கம் சதையை வெட்டி எடுத்தது போன்ற குறையோடு பிறந்து, சரியாக விழுங்க முடியாமல், பத்தே நாளில் இறந்துபோன மகள். பல வருடம் கழித்து லண்டனில், இறந்தவர்களை வரவழைப்பதாகச் சொல்லும் ஓர் ஆவி அமர்வில் ஒரு சிறுமியின் உருவம் வாயையும் மோவாயையும் மூடிக்கொண்டு வருகிறது. இவருக்கு யாரென்று தெரியவில்லை. பின்னொரு அமர்வில் அதே உதட்டுக் குறையோடு, வளர்ந்த பெண்ணாக வந்து நிற்கிறாள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு இவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்மரம்:
அந்தத் துக்கத்தை நானும் மதிக்கிறேன், நண்பரே. ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். முகத்தை மூடிக்கொண்டு அரையிருட்டில் ஓர் உருவம் வந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் அதில் தன் பிள்ளையைக் காண்பாள். லண்டனில் இந்த வட்டம் சிறியது, ஒரு மீடியத்தின் (ஆவிகளை வரவழைப்பதாகச் சொல்பவரின்) அறையில் பேசியது அடுத்தவர் காதுக்குப் போக அதிக நாள் ஆகாது. அந்தக் குழந்தையின் நிலை, பெயர் சொல்லாமல், மருத்துவ இதழிலேயே வந்தது என்று அவரே எழுதுகிறார்.

அப்புறம் புளோரன்ஸ் குக் விஷயம். திரைக்குப் பின்னால் கட்டிப்போடப்பட்ட மீடியம் குக், வெளியே வரும் வெள்ளை உருவம் 'கேட்டி கிங்' என்ற ஆவி என்றார்கள். வில்லியம் குரூக்ஸ் மாதிரி ஒரு விஞ்ஞானியே 1874-ல் அதற்குச் சான்று எழுதினார். 1880 ஜனவரியில் குக்கின் அமர்வு ஒன்றில் ஜார்ஜ் சிட்வெல் என்பவர் 'மேரி' என்ற ஆவியின் கையைப் பிடித்து இழுத்தார். பிடிபட்டது உள்ளாடையோடு நின்ற குக். திரைக்குப் பின்னால் நாற்காலி காலியாகக் கிடந்தது. இதற்கு அடுத்த அமர்வில் யாராவது தன்னோடு உள்ளே உட்கார வேண்டும் என்று குக் கேட்க, போய் உட்கார்ந்தவர் யார்? மேரியட். இருவரையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். அப்போதும் ஆவி வெளியே நடந்தது என்று எழுதிவைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்குத் தன் நற்பெயரைக் கடன் கொடுத்திருக்கிறார். அதை எப்படி மன்னிப்பது?

பழைய அலமாரி:
கயிற்று அத்தியாயம் எனக்கும் சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய் சொல்ல நினைத்தவர் இப்படி எழுதுவாரா? முதல் தடவை மகளை அடையாளம் தெரியவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? பொய்க்கதையில் பார்த்த மாத்திரத்தில் தாய் கதறியிருப்பாள்.

கல்மரம்:
அவர் தொழிலே நாவல். தாமதமாக அடையாளம் காண்பது வாசகரை எப்படிக் கட்டிப்போடும் என்று அவருக்குத் தெரியாதா? சரி, அவர் மனதாரப் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆவிகள் தட்டிச் சத்தம் எழுப்பிப் பேசுகின்றன என்று தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளில் மார்கரெட், 1888-ல் நியூயார்க் மேடையில் ஏறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை எழுப்பினோம் என்று செய்தே காட்டினார். அடுத்த வருடம் அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார் என்றாலும் சத்தம் எப்படி வந்தது என்பதை ஊரே பார்த்துவிட்டது. மூன்று வருடம் கழித்து இவர் புத்தகம் வருகிறது, சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல்.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் உண்டு. மகனை இழந்த என் அத்தை, அவனோடு பேச வைப்பதாகச் சொன்ன ஒருவரிடம் இரண்டு வருடம் பணம் கொடுத்தார். வளையல் வரை போயிற்று. "நான் கண்ணால் பார்த்தேன்" என்று படித்த ஒருவர் சாட்சி சொன்னதால்தான் அத்தை நம்பினார். எல்லாக் காலத்திலும் மேரியட் மாதிரிச் சாட்சிகள்தான் இந்தக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நீலவால்:
கல்மரம் தம்பி, அத்தையின் கதை மனதை என்னவோ செய்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைச் சுற்றி வருகிறீர்கள். 1897-ல் அவர் எழுதிய 'காட்டேரியின் ரத்தம்' நாவலைப் பாருங்கள். டிராகுலா வந்த அதே வருடம். இதில் கோரைப்பல் கிடையாது. ஜமைக்காவில் பிறந்த ஹாரியட் பிராண்ட் என்ற பெண் யாரை நெருங்கி நேசிக்கிறாளோ, அவர்கள் உயிர் வற்றிச் சாகிறார்கள். காரணம் தானென்று அவளுக்கே தெரியாது. முதலில் சாவது அவள் ஆசையோடு மடியில் வைத்துக் கொஞ்சிய எத்தெல் என்ற கைக்குழந்தை.

பத்து நாளில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் எழுதியது இது. சாட்சிப் புத்தகத்தில் குழந்தை திரும்பி வருகிறாள். நாவலில் எத்தெல் திரும்பி வருவதில்லை. "என் கையே என் பிள்ளைக்கு எமனாகிவிட்டதோ" என்ற தாயின் பயம் அங்கேதான் வெளியே வருகிறது. எந்த மீடியமும் வந்து அதை ஆற்றவில்லை. மேரியட்டின் உண்மையான வாக்குமூலம் என்று நான் நினைப்பது இந்த நாவலைத்தான்.

கல்மரம்:
அக்கா, அந்த நாவலைப் படித்திருக்கிறேன். ஹாரியட்டின் சாபத்துக்கு அவர் சொல்லும் காரணம் தாயின் கலப்பு ரத்தம். ஒரு டாக்டர் அதை அறிவியல் போலவே எடுத்துச் சொல்கிறார். அதையும் தாயின் துக்கக் கணக்கில் எழுதிவிட முடியுமா?

நீலவால்:
முடியாது. அந்த இனவெறி அவர் காலத்தின் விஷம், அவர் அதை விரும்பியே குடித்திருக்கிறார். ஆனாலும் முடிவில் கணவனும் இறந்த பிறகு, இனி யாரும் தன்னால் சாகக்கூடாது என்று ஹாரியட் தன் உயிரையே முடித்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் மேரியட் அவளை வெறுக்கவில்லை. டாக்டர் சொன்னதை அவர் நம்பினார், ஆனால் அவர் அழுதது ஹாரியட்டுக்காக.

பழைய அலமாரி:
அக்கா, நாவலை இன்றே தேடிப் பிடிக்கிறேன். கல்மரம், கயிற்று அத்தியாயத்தை மறுபடி படித்தேன். இருட்டில், குக்கோடு சேர்த்துக் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். குக்கை ஒட்டியே உட்கார்ந்தவர் ஏமாந்திருப்பார் என்று அடித்துச் சொல்ல இப்போது எனக்கும் தைரியம் வரவில்லை. அந்த ஓர் அமர்வை விட்டுக்கொடுக்கிறேன். மகள் வந்த அமர்வை விட்டுக்கொடுக்க மாட்டேன்.