குளிர்நிலை மருந்துப் பார்சல்களுக்கு உணரி: ஒவ்வொரு பெட்டிக்கும் தேவையா?

வைகைக்கரை கேட்டது:

மதுரையில் ஒரு சிறிய பார்சல் நிறுவனத்தின் போக்குவரத்துப் பொறுப்பில் இருக்கிறேன். சென்னையிலிருந்து இரவு லைன் வண்டியில் வரும் சரக்கை விடியற்காலையில் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களுக்குச் சிறு வண்டிகளில் அனுப்புகிறோம். பெரும்பாலும் துணி பேல்களும் மோட்டார் உதிரிபாகங்களும்தான். அண்மைக்காலமாக மருந்து மொத்த வியாபாரிகள் சிலர், 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டிய இன்சுலினையும் தடுப்பூசிகளையும் ஜெல் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டிகளில் எங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியுள்ளனர்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "ஜெல் உருகிக் கிடக்கிறது, எடுக்க மாட்டேன்" என்று திருப்பிவிட்டால், வெப்பம் எங்கே ஏறியது என்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. அனுப்பியவர் எங்களைக் குற்றம் சொல்கிறார். எங்கள் கிளை லைன் வண்டியைக் கைகாட்டுகிறது. லைன் வண்டிக்காரரோ, ஏற்றும்போதே பெட்டி அப்படித்தான் இருந்தது என்கிறார். வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வண்டி பரமக்குடியைத் தாண்டிவிட்டது என்ற தகவலால் இந்த வழக்கு தீரவில்லை.

ஒரு விற்பனையாளர், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிம் பொருத்திய கருவியை வைக்கச் சொல்கிறார். இடம், வெப்பம், ஈரப்பதம், அதிர்ச்சி, மூடியைத் திறந்தால் உள்ளே விழும் வெளிச்சம் என அனைத்தும் உடனுக்குடன் கைப்பேசியில் தெரியுமாம். கருவியின் விலையோ, ஒரு பெட்டிக்கு நாங்கள் வாங்கும் வாடகையைப்போல் பல மடங்கு. கடைக்குப் போன கருவி திரும்பி வருமா என்ற கவலையும் இருக்கிறது. எங்கள் அளவுள்ள நிறுவனம் எதிலிருந்து தொடங்குவது சரியாக இருக்கும்?

குளிர்ப்பெட்டி எழுதியது:

மருந்துக் கிட்டங்கி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். அந்த விற்பனையாளர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஃபெடெக்ஸ் நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே சென்ஸ்அவேர் என்ற பெயரில் ஏறத்தாழ இத்தனை அளவுகளையும் எடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. ஆனால் அது விலைமிக்க மருத்துவச் சரக்குகளை மனத்தில் வைத்து உருவானது. உங்களுக்கு வேண்டியது "இந்த நொடியில் எத்தனை டிகிரி" என்ற விடை அன்று. "யார் பொறுப்பில் இருந்தபோது ஏறியது" என்ற விடை. நான் பார்த்தவரையில், மூடிய பெட்டியில் வெப்பம் ஏறுவது ஓடும் வண்டியில் குறைவு, கைமாறும் இடங்களில் அதிகம்: பிக்கப் வண்டிக்காகக் காத்திருக்கும் வாசற்படி, இறக்கிய சரக்கு பிரிபடாமல் கிடக்கும் பிளாட்பாரம், மதிய உணவுக்கு வெயிலில் நிறுத்திய சிறு வண்டி.

சுகாதார அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ஈவின் திட்டத்தைக் கவனியுங்கள். அரசுத் தடுப்பூசிக் குளிர்சாதனங்களில் பொருத்திய உணரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் பதிந்துகொண்டு, மணிக்கு ஒருமுறைதான் சர்வருக்கு அனுப்புகிறது. எல்லை மீறினால் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி போகிறது. அது நிலையாக ஓரிடத்தில் இருக்கும் சாதனம் என்பது உண்மையே. ஆனாலும் நல்ல காப்புள்ள பெட்டியில் வெப்பம் நொடிக்கு நொடி மாறாது என்பதால், பத்து நிமிட இடைவெளி உங்களுக்கும் தாராளம்.

எல்லாப் பெட்டியிலும் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. கடிதங்கள் நாடுகளுக்கிடையே எவ்வளவு விரைவாகப் போகின்றன என்பதை அளக்கும் உலக அஞ்சல் ஒன்றியம், ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி பட்டையைச் சோதனைக் கடிதங்களில் மட்டும் வைத்தே அஞ்சலகங்களின் தரத்தைக் கணிக்கிறது. நீங்களும் முதலில் வெப்பத்தைத் தன் நினைவில் பதிந்து மட்டும் வைக்கும், சிம் இல்லாத சாதாரண டேட்டா லாகர்கள் சிலவற்றை வாங்கி, சித்திரை வைகாசி வெயிலில் ஒவ்வொரு தடத்திலும் சில பெட்டிகளில் அனுப்பிப் பாருங்கள். எந்தத் தடத்தில், எந்த நிறுத்தத்தில் கோடு மேலே போகிறது என்பது தெரிந்தபின் மற்றதை வாங்கலாம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் சூட்டுக்கே அஞ்சுகிறார்கள். உறைபெட்டியிலிருந்து கல்லாக எடுத்த ஜெல் பேக்கை நேராக மருந்தின்மேல் வைத்தால் மருந்து உறைந்துபோகும். இன்சுலினும், ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகளும் ஒருமுறை உறைந்தால் பயன்படாது. உருகியபின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆகவே 8 டிகிரிக்கு மேலே மட்டுமல்லாமல், 2 டிகிரிக்குக் கீழே போனாலும் எச்சரிக்கை வர வேண்டும். உணரியின் முனை ஜெல் பேக்கையோ பெட்டியின் சுவரையோ தொடாமல் மருந்து அட்டைகளுக்கு நடுவில் இருக்கட்டும். கிளையின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் முனையை கிளைக்கால் (glycol) என்ற எளிதில் உறையாத நீர்மம் நிரப்பிய சிறு குப்பிக்குள் அமிழ்த்திவிட்டால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வீண் எச்சரிக்கை வராது. கருவிக்கு, ஆய்வுக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அளவுத்திருத்தச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத பதிவை மருந்து நிறுவனங்கள் ஆதாரமாக ஏற்கத் தயங்கும்.

சுற்றுப்பலகை எழுதியது:

மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். கருவியைப் பற்றி மட்டும் சில சொற்கள். பெட்டிக்குப் பெட்டி சிம் என்பது செலவு மட்டுமல்ல, பேட்டரித் தொல்லையும்கூட. பெட்டியில் ப்ளூடூத் உணரியும், கிளையிலும் வண்டியிலும் அதைக் கேட்டு இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயும் இருந்தால், உணரி ஒரு பொத்தான் பேட்டரியில் பல மாதங்கள் ஓடும்.

வாங்கும்முன் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி: உணரி தன் அளவுகளைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறதா, அல்லது அப்போதைய அளவை மட்டும் ஒலிபரப்புகிறதா? மலிவான பலவும் இரண்டாம் வகை. கொடைக்கானல் மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டால், முதல் வகை தன்னிடமுள்ளதைப் பிறகு நேரத்தோடு ஒப்படைக்கும்; இரண்டாம் வகையில் அந்த இடைவெளி வெற்றிடமாகவே நிற்கும், வழக்கு வரும்போது எல்லோரும் அந்த வெற்றிடத்தைத்தான் சுட்டுவார்கள்.

ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். நாலாபுறமும் ஜெல் பேக் அடுக்கிய பெட்டியின் நடுவே உணரியைப் புதைத்தால், இரண்டடி தள்ளி நிற்கும் கைப்பேசிக்கே கேட்காமல் போகலாம். மெல்லிய கம்பியில் முனை மட்டும் உள்ளே போய், உடல் மூடியின்மேல் இருக்கும் வகையைத் தேடுங்கள். ஆர்எஃப்ஐடி பட்டை சில ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள்; பட்டை மலிவுதான், வாசலில் நிறுத்தும் ரீடர்தான் விலை. நீர்மமும் உலோகமும் அதற்கும் ஆகாது. கேட்வே வெறும் 2ஜி-யில் இயங்குவதா என்றும் பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. மற்ற நிறுவனங்களின் 2ஜி உங்கள் தடங்களில் எப்படி இருக்கிறது என்று வண்டியிலேயே சோதித்துவிட்டு வாங்குங்கள். அதிர்ச்சி உணரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கண்ணாடிக் குப்பிகள்தான் கவலை என்றால், குறிப்பிட்ட அளவுக்குமேல் இடிபட்டவுடன் நடுவிலுள்ள குழாய் சிவப்பாகும் ஒட்டுவில்லை போதும். அதற்குப் பேட்டரியே இல்லை.

லாரிப்பேட்டை எழுதியது:

வண்டிக்கு வண்டி கேட்வே என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுநரின் கைப்பேசியில் ஏற்கெனவே டெலிவரிக்கான செயலி இருக்கிறது, அதிலும் ப்ளூடூத் இருக்கிறது. பெட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்யும் அதே நொடியில், உணரியில் சேர்ந்திருக்கும் பதிவையும் அந்தச் செயலி இழுத்துக்கொண்டால், யார் கையில் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரியில் மாறியது என்ற கணக்கு தானாக உருவாகிவிடும். நிலையான கேட்வே ஒன்று உங்கள் மதுரை இறக்குமிடத்துக்கு மட்டும் போதும், ஏனெனில் பெட்டி ஆள் பார்க்காமல் கிடப்பது அங்கேதான்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. விடியற்காலை இரண்டரை மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் எழுந்து என்ன செய்வார்? ஓட்டுநருக்கு அனுப்பிப் பயனில்லை. சீல் வைத்த பெட்டியைத் திறக்க அவருக்கு உரிமை கிடையாது. இரவுப் பணி மேற்பார்வையாளருக்குத்தான் போக வேண்டும். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும், உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சற்று உருகவிட்ட மாற்று ஜெல் பேக்குகளும், அனுப்பியவரிடம் முன்பே எழுதி வாங்கிய அனுமதியும் இருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடத்தில் எச்சரிக்கை அடித்தால், இரண்டாம் வாரத்தில் அந்தக் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

ஆட்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். "நம்மைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள்" என்ற எண்ணம் வந்துவிட்டால், உணரி எப்படியோ கழன்று விழும். பெட்டி ஏறும்போதே 11 டிகிரி என்று பதிவு காட்டினால் தப்பிப்பது முதலில் ஓட்டுநர்தான் என்பதை ஒரு உண்மையான பதிவை வைத்தே காட்டலாம். அப்புறம், செலவே இல்லாத ஒன்று: மருந்துப் பெட்டிகளைக் கேபின் சுவரோரம் தள்ளாமல், கடைசியாக ஏற்றி முதலில் இறக்கும்படி டிரிப் ஷீட்டை மாற்றுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. லாகர்களை வைத்துத் தடங்களை அளந்து பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறோம். சிம் கருவியை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். ஓர் ஐயம் மிஞ்சுகிறது. பதிவில் எங்கள் பக்கமே தவறு தெரிந்தால், அதை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டுமா? முதலாளி தயங்குகிறார்.

குளிர்ப்பெட்டி எழுதியது:

காட்டித்தான் ஆக வேண்டும். இது நோயாளிக்குப் போகும் மருந்து. எல்லை மீறியது என்பதாலேயே மருந்து கெட்டுவிட்டது என்றும் முடிவு கட்ட முடியாது. எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற ஆய்வுத் தரவு தயாரிப்பாளரிடம் இருக்கும், பயன்படுத்தலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்கு முழுப் பதிவும் தேவை. மறைத்துவிட்டால் சரக்கு முழுவதும் அழிக்கப்படும், இழப்பீடும் முழுமையாகவே உங்களிடம் கேட்கப்படும். முதலாளியின் தயக்கத்துக்கு ஒரு வழி உண்டு: பெட்டியை வாங்கும்போது உள்வெப்பத்தைக் கைச்சீட்டில் குறித்து இருவரும் கையெழுத்திடும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். அந்த நேரத்திலேயே எல்லைக்கு வெளியே இருக்கும் பெட்டியை ஏற்காமல் திருப்பி அனுப்பும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.