"உம்முடைய சித்தம்" என்று சொல்ல வாய் வரவில்லை

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் சி.எஸ்.ஐ. சபை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அடுத்த வாரம் 2 சாமுவேல் 6. வண்டி இழுத்த மாடுகள் மிரண்டபோது, கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டி (பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த பரிசுத்தப் பெட்டி) சரியாமல் இருக்கக் கை நீட்டிய ஊசா, அந்த இடத்திலேயே செத்துப்போகிறான். பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் எனக்கே நடுக்கமாக இருக்கிறது.

பாடம் மட்டும் காரணம் இல்லை. என் மகளுக்கு ஆறு வயது, இதயத்தில் ஓட்டை. தொடை வழியாகக் குழாய் விட்டு அடைக்க முடியாதாம், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டுமாம். அடுத்த மாதம் ஆபரேஷன். அது முடிவானதிலிருந்து கர்த்தருடைய ஜெபத்தில் "உம்முடைய சித்தம்... செய்யப்படுவதாக" என்ற இடம் வந்தால் வாயை மட்டும் அசைக்கிறேன். சத்தமாகச் சொன்னால், 'சரி, எடுத்துக்கொள்ளும்' என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். தேவன் இருக்கிறாரா என்ற சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை. அவரால் எதுவும் முடியும். அந்த 'எதுவும்'தான் என்னைப் பயமுறுத்துகிறது.

"விசுவாசக் குறைவு" என்கிறார் மாமியார். 'பயப்படாதே' வேதத்தில் 365 தடவை வருகிறது என்ற வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம். பயந்துகொண்டே அவரை நம்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பெரேயா:
அக்கா, பயம் வேண்டியதுதானே? கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம். எண்ணாகமம் 4:15 படி லேவி கோத்திரத்துக் கோகாத் புத்திரர் தோளில் சுமக்க வேண்டிய பெட்டி அது, அவர்களே தொடக்கூடாது. முன்பு பெட்டியைப் பிடித்துப்போன எதிரிகளான பெலிஸ்தர் செய்ததைப் பார்த்து இவர்களும் வண்டியில் ஏற்றினார்கள். நாம் கீழ்ப்படிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

மார்த்தாண்டம் டீச்சர்:
ஆறு வயசுப் பிள்ளை எதில் கீழ்ப்படியவில்லை தம்பி?

ஓய்வுபெற்ற ஆயர்:
டீச்சர், பாடத்தை ஊசாவோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசா செத்ததும், பெட்டியைக் கொண்டுவந்த தாவீது ராஜாவுக்கே மனம் பொறுக்கவில்லை, அப்புறம் பயம். பெட்டியைத் தன் ஊருக்குக் கொண்டுபோகாமல் வழியில் ஓபேத்ஏதோம் என்ற காத் ஊரான் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். ராஜாவே பயந்து ஒதுக்கிய பெட்டி ஒரு சாதாரண வீட்டுக்குள் வருகிறது! அந்த வீட்டுக்காரர்கள் முதல் ராத்திரி தூங்கியிருப்பார்களா? வேதம் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதம் பெட்டி அங்கே இருந்தது, கர்த்தர் அந்த வீட்டாரை ஆசீர்வதித்தார் என்று மட்டும் சொல்கிறது. ஊசாவைக் கொன்ற அதே பெட்டிதான். பிறகு 1 நாளாகமம் 15-ல் பெட்டிக்கு வாசல் காவலாளர் பட்டியலில் ஓபேத்ஏதோம் என்ற பெயர் வருகிறது. அதே ஆளா என்பதில் பண்டிதர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அதே ஆள்தான் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெபத்துக்கு வருகிறேன். மாற்கு 14:36-ஐ எடுத்துப் பாருங்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபிக்கிறார். முதலில் "அப்பா" என்று கூப்பிடுகிறார். அடுத்தது "எல்லாம் உம்மாலே கூடும்". உங்களைப் பயமுறுத்துகிற அந்த 'எதுவும்'தான் இது. பிறகு, பாத்திரத்தை, அதாவது வரப்போகிற பாடுகளை, எடுத்துப்போடும் என்று நேராகவே கேட்கிறார். சித்தம் கடைசியில்தான் வருகிறது. அந்த ராத்திரி மூன்று தடவை அதே ஜெபம். நீங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், அதனால்தான் தொண்டை அடைக்கிறது. பிள்ளையை எனக்குக் கொடும் என்று வாய்விட்டுக் கேளுங்கள் அம்மா.

கொளச்சல்காரன்:
நான் ஆர்.சி., கடல் தொழில். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. எங்கள் சொந்தத்திலும் ஆள் போனது. 2017-ல் ஒக்கி புயல். காற்றையும் கடலையும் அதட்டிய இயேசு அன்றைக்கு ஏன் அதட்டவில்லை என்று கேட்காத வீடு எங்கள் கரையில் இல்லை. யாராவது அதற்கு விளக்கம் சொல்ல வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஆனால் மாற்கு 4-ஐ ஒரு கடல்காரனாகப் படித்துப் பாருங்கள். கலிலேயாக் கடல் 20 கிலோமீட்டர் சொச்சம் நீளம், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றி மேடு, காற்று திடீரென்று இறங்கும். பேதுருவுக்கு அந்தக் காற்று பழக்கம். படகின் பின்பக்கம், அமரத்தில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவை எழுப்பிச் சீடர்கள் சொன்னது செபமா? சண்டை! நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். காற்று அடங்கிய பிறகுதான் "மிகவும் பயந்து" என்று எழுதியிருக்கிறது. புயலைவிட அவரைப் பார்த்துத்தான் பயம் கூடியது. அப்படியும் கரை ஏறினதும் யாரும் அவரை விட்டு ஓடவில்லை. எனக்கு நம்பிக்கை என்பது இவ்வளவுதான், சண்டை போடுவதற்கும் அவரிடமே போவது.

காணிக்கை மாதா கோயிலில் பிள்ளைக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். நீங்கள் சி.எஸ்.ஐ., கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
கோபம் எதற்கு அண்ணே, இரண்டாக ஏற்றுங்கள். தம்பி பெரேயா, சுருக்கென்று கேட்டுவிட்டேன், மனதில் வைக்காதே. ஐயரவர்களே, ஓபேத்ஏதோம் வீட்டைப் பிள்ளைகளை வைத்துக் குட்டி நாடகமாகப் போடப் போகிறேன். பெட்டி வருகிறது என்றதும் வீட்டம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களையே வசனம் எழுதச் சொல்லலாம். ஊசா விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை, அதை வகுப்பிலும் சொல்லிவிடுவேன்.

அப்புறம், ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் பக்கம் கொடுக்கக்கூடியவர்கள் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.