களியலை மேடையில் வரிசையாக நின்று ஆடலாமா?

தக்கலைக்காரன்:
குமரி மாவட்டத்தில் நடுவில் விளக்கு வைத்து, சுற்றி வட்டமாகக் கம்பு தட்டி ஆடும் ஆட்டம்தான் களியல். எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருஷம் அதை மேடை ஏற்றப் பார்க்கிறார்கள். முன்னால் இருக்கும் விருந்தினர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது, வட்டம் வேண்டாம், இரண்டு வரிசையாக நில்லுங்கள் என்கிறது கமிட்டி. பாட்டும் ஸ்பீக்கரில்தானாம். ஆசான் முடியாது என்றுவிட்டார். பையன்கள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். வட்டம் அவ்வளவு முக்கியமா?

குளச்சல் மைந்தன்:
மேடை கிடைத்தால்தான் பையன்கள் கற்றுக்கொள்ள வருவார்கள், நண்பா. பள்ளி விழாவில் ஆடித்தான் எனக்கே களியல் பழக்கம்.

திருவட்டாறு அக்கா:
தம்பி, நான் ஆசான் பக்கம்தான். களியலில் வலப்பக்கத்து ஆள் கம்பில் ஒரு தட்டு, திரும்பி இடப்பக்கத்து ஆள் கம்பில் ஒரு தட்டு. வரிசையாக நிறுத்தினால் இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள் யார் கம்பில் தட்டுவார்கள்? ஆசான் விளக்குப் பக்கத்தில் நின்று தாளம் போட்டு ஒரு வரி பாட, சுற்றி ஆடுபவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய கால் பிந்துகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் வேகத்தைக் கூட்டுவார். ஸ்பீக்கர் யாரைப் பார்க்கும்?

நான் ஆடுவது திருவாதிரைக்களி, பெண்கள் வட்டமாகக் கைகொட்டி ஆடுவது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, ஆனால் மார்கழித் திருவாதிரை ராத்திரி எங்கள் முற்றத்தில் மலையாளப் பாட்டும் தமிழ்க் கும்மியும் இன்றும் மாறி மாறி வரும். கல்யாணம் கழிந்து வரும் முதல் திருவாதிரைக்குப் பூத்திருவாதிரை என்று பெயர். புதுப்பெண்ணை இரண்டு மாமிமார் நடுவில் நிறுத்துவார்கள். கைகொட்டு தப்பினால் இரண்டு பக்கமிருந்தும் முழங்கையால் ஒரு இடி விழும். நாலு பாட்டு முடிவதற்குள் அவள் நம்ம ஊர்க்காரி.

ஆனால் வட்டத்துக்குள் யாரை விடுவது என்பதில் ஊரின் கெட்ட குணமும் உண்டு. வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே சிலரை விட்ட காலம் இருந்தது. குளச்சல் தம்பி சொல்லும் பள்ளிக்கூடத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கம்பு பிடிக்கிறார்கள் என்றால், அது மனதார எனக்குச் சந்தோஷம். அதையும் வட்டமாகவே செய்யுங்கள்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு குமரிக்காரன்:
அக்கா சொல்வது சரி. இங்கே குஜராத்திகள் நவராத்திரிக்குக் கர்பா ஆடுவார்கள். நடுவில் விளக்கோ அம்மன் படமோ இருக்கும், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர். 2023-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. அவ்வளவு கூட்டத்திலும் வட்டத்தை விடவில்லை. நீங்கள் மேடையை விட்டுவிட்டு மைதானத்தில் ஆடுங்கள், நாற்காலிகளைச் சுற்றிப் போட்டால் தீர்ந்தது.

தக்கலைக்காரன்:
கமிட்டியிடம் பேசிவிட்டேன். மைதானத்தில் ஆடச் சம்மதம், நாற்காலிகள் மூன்று பக்கமும் வரும். பாட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. ஆசானுக்குச் சட்டையில் குத்தும் மைக் ஒன்று கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அவரே பாடுவார். அக்கா, பக்கத்து ஊர்ப் பையன்கள் நாலு பேரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டாச்சு.